சீனிப் போத்தலும் சஹன் சோறும்

கல்முனையில் தொடங்கிச் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று கடலை இடப்புறத்தில் வைத்துக்கொண்டே தெற்கு நோக்கிச் சென்று, பொத்துவிலையும் அறுகம்பேயையும் தொடுகின்ற நீண்ட வீதியில் எந்த ஊரில் எந்த வீட்டுப் படி ஏறினாலும், வந்தவர் சலாம் சொல்லிக் கதிரையில் அமர்ந்து வியர்வையைத் துடைப்பதற்குள் குசினிப் பக்கமிருந்து ஒரு கேள்வி வந்து சேரும்: "தேத்தண்ணிக்குச் சீனி போடலாமா?" என் சிறு பிராயத்தில் இக்கேள்வியை யாரேனும் கேட்டிருந்தால், வீட்டில் சீனி தீர்ந்துபோயிற்று என்றோ, வந்தவரை மதிக்கவில்லை என்றோ பொருள்பட்டிருக்கும், இன்றோ கேட்காமல் போடுவதுதான் மரியாதைக் குறைவு. விருந்தாளியும் சற்றும் கூச்சமின்றி, "எனக்குச் சீனி இரிக்கி, சீனி போடாதீங்க மகள்" என்கிறார். முதலாவது சீனி வியாதி, இரண்டாவது சீனி பண்டம் என்பது எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கும் தெரியும்.

வியாதிக்கும் பண்டத்துக்கும் ஒரே பெயர் வாய்த்துவிட்டதில் ஒரு பெரிய மயக்கம் ஒளிந்திருக்கிறது. பண்டத்தை விலக்கினால் வியாதியும் விலகும் என்று மனம் இலகுவில் நம்பிவிடுகிறது. சீனி போடாத தேநீரை அருந்திவிட்டு எழுந்த அதே பெரியவர், அன்று பகல் கலியாண வீடொன்றில் சஹனைச் சுற்றி ஆறாவது ஆளாக அமர்ந்து, நடுவில் குவிந்திருக்கும் நெய்ச்சோற்றைத் தம் பங்குக்கும் சிறிது மேலாகவே உண்டு, வட்டிலப்பத்தை மட்டும் விரல் நுனியால் தொட்டு நாவில் வைத்துவிட்டு, தாம் பத்தியம் காத்ததாக மனநிறைவோடு எழுந்து கை கழுவுகிறார். ஒரே சஹனில் கை வைத்து உண்பது சகோதர வாஞ்சையின் அழகிய அடையாளம் என்பதில் எனக்கு யாதொரு சந்தேகமும் இல்லை. ஆனால் அளவு பார்த்து உண்ண வேண்டிய ஒருவருக்கு அதைவிடச் சிக்கலான பாத்திரம் வேறில்லை. தம் பங்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சஹனில் கண்டவர் எவருமிலர்.

கணக்கைச் சற்றே பார்ப்போம். தேக்கரண்டியில் தட்டையாக அள்ளிய சீனி ஏறக்குறைய 4 கிராம். சமைத்த வெள்ளைச் சோறு ஒரு கோப்பையில் ஏறக்குறைய 45 கிராம் மாப்பொருள் இருக்கிறது. வயலில் இறங்கி உழைத்தவர்களின் கை அளவு மாறாத எங்கள் பகற் சோற்றில் மூன்று கோப்பை என்பது மிகைக் கணக்கன்று. அது 135 கிராம், அதாவது முப்பதுக்கும் மேற்பட்ட தேக்கரண்டிச் சீனிக்கு நிகர். மாப்பொருள் என்பது குளுக்கோசு மணிகளைக் கோத்த மாலையன்றி வேறில்லை. ஒரு பிடி வெறுஞ்சோற்றை வாயிலிட்டு விழுங்காமல் நெடுநேரம் மென்று பார்ப்பவருக்கு அது மெல்ல மெல்ல இனிக்கத் தொடங்குவது தெரியும்; உமிழ்நீர் அந்த மாலையை அறுக்கத் தொடங்கிவிட்டது என்பதே அந்த இனிப்பின் பொருள். தேநீரில் ஒரு கரண்டியைத் தவிர்த்த புண்ணியம், சோற்றில் முப்பது கரண்டியாகக் கரைந்துபோகிறது. சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியையோ தேனையோ கடித்துக்கொண்டு தேநீர் அருந்துவோரின் கதை இன்னும் பரிதாபமானது. நிறம் வேறாயினும் இரத்தத்துக்குள் போன பிறகு எல்லாம் ஒன்றுதான்.

உடம்பினுள் நடப்பது இன்னதென்பதை விளக்க வேறு தேசத்து உவமானம் எதுவும் எங்களுக்கு வேண்டியதில்லை. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் தண்ணீரில் நெல் விளைவித்து வாழும் பிரதேசம் இது. வாய்க்காலில் நீர் ஓடினாலும் வரம்பிலுள்ள வக்கடையைத் திறந்தாலன்றி வயலுக்குள் ஒரு சொட்டும் இறங்காது என்பதை எவருக்கும் நாம் போதிக்க வேண்டியதில்லை. இரத்தம் வாய்க்கால், குளுக்கோசு அதில் ஓடும் நீர், சரீரத்தின் கோடானுகோடிக் கலங்கள் வயல்கள். சதையியில் சுரக்கும் இன்சுலின் என்பது, வரம்பெங்கும் நடந்து வக்கடைகளைத் திறந்துவிடும் வட்டவிதானை. சிலருக்கு, பெரும்பாலும் இளம் பிராயத்திலேயே, அந்த வட்டவிதானை இல்லாமற் போய்விடுகிறார். சரீரத்தின் காவற்படையே சதையியிலுள்ள இன்சுலின் சுரக்கும் கலங்களைத் தவறாக அழித்துவிடுவதால் நேர்வது இது, இவர்களுக்கு ஊசியன்றி வாழ்வில்லை. எங்கள் ஊர் நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோருக்கு இருப்பது இரண்டாவது வகை. வட்டவிதானை இருக்கிறார்; ஆனால் வக்கடைகளில் சேறு அடைத்திருக்கிறது. அவர் இரட்டிப்பு வேலை செய்து, பல வருஷங்கள் எப்படியோ சமாளித்து, கடைசியில் களைத்து உட்கார்ந்துவிடுகிறார். வாய்க்கால் நிரம்பி வழிய, வயல் காய்கிறது. இரத்தத்தில் குளுக்கோசு மிதமிஞ்ச, கலங்களோ பசித்திருக்கின்றன. ஆகையினாலேயே நோயாளிக்கு நிறையச் சாப்பிட்டும் சோர்வு தீர்வதில்லை.

வாய்க்கால் ஒரு மட்டத்துக்கு மேல் உயர்ந்தால் வரம்பை மீறிப் பாயுமல்லவா? இரத்தத்தின் குளுக்கோசு ஒரு டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டியதும், சிறுநீரகங்களால் அதை மீட்டு வைத்துக்கொள்ள முடிவதில்லை. அது சிறுநீரில் வழிகிறது, வழியும்போது நீரையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், கரையும் சரீரம் என்னும் மூன்றுக்கும் இதுவே காரணம். கப்பதோக்கியா தேசத்து அரெத்தேயுஸ் என்ற கிரேக்க வைத்தியர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே, தசை உருகிச் சிறுநீராக இறங்கும் வியாதி என்று இதை வர்ணித்தார். நீரிழிவு என்ற தமிழ்ப் பெயரும் அதையேதான் சொல்கிறது. இந்திய வைத்திய சாஸ்திரம் இதை மதுமேகம் என்றது, அந்தச் சிறுநீரை எறும்பு மொய்ப்பதைக் கவனித்திருந்தது. 980 இல் பிறந்து 1037 இல் மறைந்த இப்னு ஸீனா, தம் அல்கானூன் என்னும் பெருநூலில் சிறுநீரின் இனிப்பையும், கட்டுக்கடங்காத பசியையும், ஆண்மைத் தளர்ச்சியையும் குறித்து வைத்தார். கடைசியாகச் சொன்னதை இன்றும் எங்கள் ஆண்கள் டொக்டரிடம் சொல்ல வெட்கப்படுகிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்பு ஒரு முஸ்லிம் ஹகீம் எழுதி வைத்ததைச் சொல்ல இன்னுமென்ன வெட்கமோ!

அந்த இனிப்பு சீனியே என்பதையும், அது இரத்தத்திலும் இருக்கிறது என்பதையும் 1776 இல் இங்கிலாந்தின் மத்தேயு டொப்சன் காட்டினார். 1889 இல் ஸ்திராஸ்பூர்க்கில் மின்கோவ்ஸ்கியும் வொன் மெரிங்கும் நாயொன்றின் சதையியை அகற்றியபோது அதற்கு நீரிழிவு வந்தது. அதன்பின் முப்பத்திரண்டு வருஷங்கள் கழித்து 1921 இல் கனடாவின் தொரந்தோ நகரில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் சதையியிலிருந்து சாறெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தொம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு அது ஊசியாக ஏற்றப்பட்டது. அதற்கு முன்பு அவனைப் போன்ற பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில மாதங்கள் வைத்திருப்பதைத் தவிர வைத்தியர்களால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையைத் தலைக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பதை, மருந்து விலையைப் பார்த்து மலைத்து நிற்கும் போதெல்லாம் நான் நினைத்துக்கொள்கிறேன்.

"நான் மெலிஞ்ச ஆள், எனக்கு எப்படிச் சீனி வந்தது?" என்று கேட்பவர் எங்கள் பக்கத்தில் ஏராளம். புனே நகரத்து வைத்தியர் யாஜ்னிக்கும் இலண்டனில் பணிபுரிந்த யுட்கினும் 2004 இல் லான்செட் சஞ்சிகையில் தங்கள் இருவரின் படத்தையும் வெளியிட்டு இதற்குப் பதில் சொன்னார்கள். உயரத்துக்குத் தக்க நிறையென்று கணித்தால் இருவருக்கும் ஒரே எண்: 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். சாரம் கட்டினால் இடுப்பில் நழுவி நிற்கும் மெல்லிய உடம்பினுள்ளும், வயிற்றைச் சுற்றியும் ஈரலிலும் கொழுப்பு ஒளிந்திருக்கக்கூடும்; வக்கடையை அடைக்கும் சேற்றில் பெரும்பங்கு அதுவே. எங்கள் இனத்தவருக்கு ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர் இடையளவைத் தாண்டினாலே அபாயம் தொடங்கிவிடுகிறது என்று வைத்தியர்கள் வகுத்திருக்கிறார்கள். தராசை நம்புவதை விடத் தையற்காரரின் நாடாவை நம்பலாம்.

இலங்கையில் 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நடந்த பெரிய ஆய்வொன்று, வளர்ந்தோரில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு உண்டு என்றும், அவர்களில் மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்டோர் அதை அறியாமலேயே நடமாடினார்கள் என்றும் சொல்லிற்று. அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில் மட்டுமே நடந்தது. யுத்தத்தின் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் சேரவில்லை. நாங்கள் எண்ணப்படாமலே இருந்தோம். 2018, 2019 இல் நாடளாவிய முறையில் மற்றோர் ஆய்வு நடந்தபோது தொகை 23 வீதமாக இருந்தது. இரு ஆய்வுகளின் முறைகளும் முற்றிலும் ஒன்றல்லவாயினும், தாய் ஒருத்தி தன் மகனின் வயதில் காணாத ஒன்றை மகன் காண்கிறான் என்பதை எண்கள் மறுக்கவில்லை. 2016 ஆகஸ்டு முதல் இனிப்புப் பானப் போத்தல்களில் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனியிருந்தால் சிவப்பு வட்டம் இடவேண்டும் என்ற விதி வந்தது, நல்ல விதிதான். ஆனால் சஹனுக்குச் சிவப்பு வட்டமிட எந்த வர்த்தமானியாலும் ஆகாது.

சோற்றை விட்டுவிடு என்று சொல்வது எங்கள் ஊரில் கடலை விட்டுவிடு என்பதைப் போன்றது. அதை நான் சொல்லப்போவதில்லை. தீட்டாத சிவப்பரிசியும் புழுங்கலரிசியும் மெல்லச் செரிக்கும். மாலையின் மணிகள் ஒவ்வொன்றாக உதிர, வட்டவிதானைக்கு அவகாசம் கிடைக்கிறது. சோற்றுக்கு மேல் ஆணத்தை ஊற்றிக் குழைக்கும் வழக்கத்தைத் தலைகீழாக்கி, மீனும் கீரைச் சுண்டலும் கோப்பையின் பெரும்பாகத்தைப் பிடித்துக்கொண்டு சோறு ஓரத்தில் ஒதுங்குமானால், அதுவே பாதி வைத்தியம். கொத்தல ஹிம்புட்டு மரத்தில் கடைந்த குவளையில் இரவு முழுவதும் நீர் ஊற்றிவைத்துக் காலையில் பருகுவோரும் உளர். அதை மூடநம்பிக்கை என்று நகைக்க வேண்டாம். அம்மரத்தில் மாப்பொருள் உடைவதைத் தாமதிக்கும் பொருள்கள் இருப்பதை ஜப்பானிய ரசாயனிகள் கண்டு, அவற்றிலொன்றுக்குக் கொத்தலனோல் என்றே பெயரும் இட்டார்கள். ஆயினும் குவளையை வாங்கிய மறுநாளே குளிசையை நிறுத்துவது வேறு விஷயம்; அதற்கு நான் உடன்படமாட்டேன்.

நோன்பு மாதத்துக்கு வருவோம், ஏனெனில் இவ்வியாதி எங்கள் ஊர்களில் தன் உண்மையான முகத்தைக் காட்டுவது அப்போதுதான். நாங்கள் பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதால் கோடையில் வந்தாலும் மாரியில் வந்தாலும் எங்கள் நோன்பு பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலேயே நிற்கிறது; ஐரோப்பாவின் கோடையில் பதினெட்டு மணி நேரம் நோற்பவர்களை நினைத்தால் இது இறைவன் எங்களுக்குத் தந்த சலுகை. ஆரோக்கியமான உடம்பு அந்த நேரத்தை ஈரலில் சேமித்த கிளைக்கோசனைக் கொண்டு அமைதியாகக் கடக்கிறது. இன்சுலினும் அதற்கேற்பத் தணிந்துகொள்கிறது. ஆனால் கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகள் உணவு வந்ததா இல்லையா என்று பாராமல் சதையியைத் தூண்டிக்கொண்டே இருப்பவை; ஊசியாக ஏற்றிய இன்சுலினும் திரும்பிப் போகாது. சஹர் செய்யாமல் வெறும் தண்ணீரோடு நோன்பு பிடித்தவருக்கு அஸர் நேரத்தில் கை நடுங்கி, சட்டை நனைய வியர்த்து, கண் இருண்டு, பேச்சுக் குழறுவது இதனாலேதான். மெற்போமின் தனியாக அருந்துவோருக்கு இந்த அபாயம் மிகக் குறைவு. இந்த வேறுபாட்டை அறியாமல், "அவருக்கு ஒண்டுமில்ல, எனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டு, அயலவரின் குளிசையோடு தன் குளிசையை ஒப்பிடுவது எங்களிடையே உள்ள ஒரு கெட்ட பழக்கம்.

2001 இல் பதின்மூன்று நாடுகளில் 12,243 முஸ்லிம் நோயாளிகளை ஆராய்ந்தபோது, இரண்டாவது வகையினரில் 79 வீதமானோரும், ஊசியன்றி வாழ முடியாத முதல் வகையினரிலேயே 43 வீதமானோரும் நோன்பு நோற்றிருந்தார்கள். கடுமையாகச் சீனி இறங்குவது இரண்டாவது வகையினரிடம் மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு கூடியது. நோன்பைக் கடமையாக்கும் அதே இடத்தில் நோயாளிக்கும் பிரயாணிக்கும் விலக்களிக்கிறது அல்குர்ஆன். ஆயினும் விடுபடுவதை ஒரு குறையாகவே எங்கள் பெரியவர்கள் எண்ணுகிறார்கள். என் உம்மாவே அப்படித்தான். "விட்டதைப் பிறகு கழாச் செய்யலாம்" என்று சொன்னால், "நோன்பு திறக்கிற நேரம் நான் மட்டும் சும்மா இரிக்கிறதா?" என்பார். அவருடைய வருத்தம் வயிற்றைப் பற்றியதன்று, பாய் விரித்து எல்லோரும் அமரும் அந்தச் சில நிமிஷங்களைப் பற்றியது என்பதை நான் உணர வெகு காலமாயிற்று.

நோற்பதென்று வைத்தியர் சம்மதித்தால், விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்கள் பெரும்பாலோரின் தீர்ப்பு என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ, மஃரிப்புக்கு அரை மணி நேரமே மீதியாயிருந்தாலும், நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது வைத்திய விதி. இறங்கியவருக்கு மூன்று நான்கு தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்; பகை என்று ஒதுக்கி வைத்த போத்தல் அந்த ஒரு கணத்தில் உயிர் காக்கும் மருந்து. திறந்த பிறகு வரும் அபாயம் வேறு. கஞ்சி, சமோசா, ரோல்ஸ், சர்பத், அதன் பின் முழுச் சோறு என்று ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாளைய ஆகாரத்தையும் உள்ளே தள்ளிவிட்டுத் தராவீஹுக்குப் போகிறவரின் இரத்தம், பகலில் காய்ந்த வாய்க்காலாகவும் இரவில் வெள்ளமாகவும் மாறி மாறிப் பாய்கிறது. தராவீஹில் நின்றும் குனிந்தும் எழுந்தும் தொழுவதைத் தேகப்பயிற்சியாகவே கணக்கிடச் சொல்கிறார்கள் வைத்தியர்கள்.

என் சாச்சா அறுகம்பேயில் வாடி போட்டு மீன்பிடித்தவர். உல்லாசப் பிரயாணிகள் அலையில் பலகை ஓட்டும் அதே கரையில், ஆடி மாதத்து நடுப்பகலில், தோணியிலிருந்து வாடிக்கு வெறுங்காலோடு நடந்து வந்தார். மறுநாள் வீடு வந்தபோது அவர் கால் நீட்டிப் படுத்திருக்கையில் சாச்சிதான் பார்த்தார்: இரு உள்ளங்கால்களிலும் தோல் வெந்து, நோன்புக் கஞ்சியின் ஆடை போலச் சுருங்கிப் பிரிந்திருந்தது. அவருக்கு வலிக்கவேயில்லை. நெடுங்காலம் உயர்ந்திருந்த குளுக்கோசு பாதத்து நரம்புகளை ஓசையின்றி அவித்துவிட்டிருந்தது. பின்னர் கிளினிக்கில் 10 கிராம் விசையில் வளையும் நைலோன் இழையொன்றை அவர் பாதத்தில் பத்து இடங்களில் தொட்டுக் கேட்டார்கள். "தங்கூசி மாதிரி இரிக்கே" என்று அவர் சிரித்தார். ஆயுள் முழுவதும் தங்கூசி நூலின் துடிப்பைக் கொண்டு கடலுக்கடியிலுள்ள மீனை உணர்ந்த மனிதருக்கு, தம் காலைத் தொட்ட தங்கூசி ஏழு இடங்களில் தெரியவில்லை. அவர் ஒரு விரலை இழந்தார், காலை இழக்கவில்லை.

அன்று எனக்குத் தோன்றிய ஒன்றை இங்கே சொல்லிவைக்கிறேன். நாளொன்றுக்கு ஐந்து வேளை வுழூச் செய்கிறோம். ஐந்து வேளையும் கணுக்கால் வரை பாதத்தைக் கழுவுகிறோம். உலகத்து நீரிழிவு நோயாளிகளிடம் தினமும் ஒருமுறை பாதத்தைப் பாருங்கள் என்று வைத்தியர்கள் மன்றாடிக்கொண்டிருக்க, எங்களுக்கோ ஐந்து முறை அது வாய்க்கிறது. ஆனால் கழுவுகிறோமே தவிரப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும், விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைக்கவும் வேண்டும்.

பாதத்தைப் போலவே மருந்தையும் பேண வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றபோது, 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டிய இன்சுலின் குப்பிகளை என்ன செய்வதென்று வீடுகள் தவித்தன. பெரிய மண்முட்டிக்குள் சிறிய முட்டியை வைத்து, இடையில் ஈரமணல் இட்டு, அதனுள் குப்பியை வைத்துச் சமாளித்தோர் உளர். நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்லும் என்ற சிறு உண்மையின் பலம் அது. உலர்ந்த கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது நன்றாகக் குளிரும், கடற்காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் அவ்வளவாகக் குளிராது. பாவனையில் உள்ள குப்பியை வெயில் படாத, 30 பாகைக்கு மேற்படாத இடத்தில் நான்கு வாரம் வைத்திருக்கலாம்.

கடைசியாக, மீண்டும் நோன்புக்கே வருகிறேன். நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே வைத்தியரைக் கண்டு, மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பார்த்து, எந்தக் குளிசையை சஹரில், எதை நோன்பு திறக்கையில், எவ்வளவு என்று மாற்றி எழுதி வாங்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டல். இந்தக் கணக்கை எங்கள் பிறைக் கணக்கில் சொல்கிறேன், மறக்காமலிருக்கும்: பராத் இரவு வரை காத்திருக்க வேண்டாம், றஜப் பிறை கண்டதும், ஷொப்பிங் பைக்குள் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கும் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போங்கள்.